கனடாப் போத்தலும் அம்பாறைத் தவிடும்

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பி அம்மாவுக்கென்று ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறான். என்.எம்.என்., 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. விற்றமின் பி3 வழியில் செய்ததாம், எலிகளுக்கு முதுமையே பின்வாங்கியதாம். அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தத்துக்கு மெற்போமின் போடுகிறா. கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, கல்முனை

பதில்: எந்த எலி என்று தம்பி சொன்னாரா? சம்மாந்துறை வட்டையில் வரம்பைத் துளைக்கும் எலி வேறு, ஆய்வுகூடச் சுண்டெலி வேறு. ஆய்வுகூடத்தாருக்குப் பாம்பு இல்லை, ஆந்தை இல்லை, பூனை இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, அளவான குளிர், விளக்கணைக்கவும் ஆள். அப்படியிருந்தும் இரண்டு, மூன்று வருசத்தில் கதை முடிந்துவிடும். நம் வட்டை எலிக்கு ஒரு போகம் தாண்டுவதே பெரிய காரியம். ஆனால் விற்றமின் குறைவால் அது செத்ததாக யாரும் சொல்ல முடியாது. உமியைக் கொறித்துப் போட்டுவிட்டுத் தவிட்டோடு அரிசியைத் தின்கிற புத்தி இந்த மாவட்டத்தில் அதற்கு மட்டும்தான் மிச்சம்.

அந்த எலியின் மூத்திரத்தால் காய்ச்சல் வரும், வயலில் இறங்கும் காலத்தில் வாரம் ஒருமுறை டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் போடுங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுவீடாகச் சொன்னால், ‘வயிறு எரியும்’ என்று மாத்திரையைக் கூரையில் செருகிவிடுகிறோம். (சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருந்தால் எரிச்சல் குறையும்.) அதே வீட்டுக்குக் கனடாவிலிருந்து எலி குடித்த மருந்து வந்தால் செம்பில் தண்ணீர் தயார்!

சரி, சுண்டெலிக்கு வருவோம். உணவைச் சக்தியாக்க ஒவ்வொரு கலத்துக்கும் என்.ஏ.டி. என்ற பொருள் வேண்டும். வயது ஏற ஏறப் பல உறுப்புகளில் அது குறைகிறது. உள்ளே போகும் என்.எம்.என். அதை நிரப்பும் என்பதுதான் கணக்கு. 2016இல் வெளிவந்த ஆய்வில் ஒரு வருசம் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். கிழட்டு எடை ஏறுவது குறைந்தது, இன்சுலின் வேலை செய்தது, கண்ணும் கொஞ்சம் தெளிந்தது. அளவோ உடல் எடையில் கிலோவுக்கு 100, 300 மில்லிகிராம். சுண்டெலிக் கணக்கை மனிதக் கணக்காக்கச் சுமார் 12ஆல் வகுப்பார்கள். 60 கிலோ அம்மாவுக்கு 300 என்றால் கிட்டத்தட்ட 1,460 மில்லிகிராம் வருகிறது, நாளுக்கு ஆறு குளிசை. தம்பியின் போத்தல் பத்து நாளும் தாண்டாது.

ஆயுள் கூடுகிறதா என்று பார்க்கவென்றே அமெரிக்காவில் மூன்று இடங்களில் ஒரே சோதனையைச் சமகாலத்தில் நடத்தும் திட்டம் உண்டு. என்.எம்.என்.னின் உடன்பிறப்பான என்.ஆர். அங்கே ஆயுளைக் கூட்டவில்லை. முடிவு 2021இல் வந்தது. அதே திட்டத்தில் 2009இல் ஜெயித்தது ரபமைசின், 600 நாள் வயதான சுண்டெலிகளுக்குக்கூட. அது உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. அதையும் அனுப்பச் சொல்லிவிடாதீர்கள்.

மனிதரில்? உங்கள் போத்தலின் அதே 250 மில்லிகிராமை, சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 10 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். போலிக் குளிசை எடுத்தவர்களையும் சேர்த்து மொத்தம் 25 பேர். தசையில் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. இரத்தச் சீனி, எடை, பிறஷர் எதுவும் அசையவில்லை. அம்மா வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டா. ஆகவே கொடுப்பதானால் கிளினிக் டொக்டருக்குப் போத்தலைக் காட்டிவிட்டுக் கொடுங்கள். மெற்போமினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நான் அம்மாவின் பிள்ளையாக இருந்தால் அந்த மெற்போமினைப் பற்றித்தான் யோசிப்பேன். வருசக்கணக்காக எடுப்பவர்களுக்கு அது பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். கால் விறைப்பு, எரிவு எல்லாவற்றையும் ‘சீனிதான்’ என்று தள்ளாமல் பி12 அளவைப் பார்க்கக் கேளுங்கள்.

லேபலையும் ஒருதரம் வாசியுங்கள். நியாசின், அதாவது நிக்கோட்டினிக் அமிலம் என்றிருந்தால் அதுவும் பி3தான், ஆனால் வேறு சரக்கு. 50 மில்லிகிராமிலேயே முகம் சிவந்து சுடும், கூடிய அளவில் சீனியை ஏற்றும், ஈரலைக் கெடுக்கும். 25,000க்கும் மேற்பட்டோரில் நாளுக்கு 2 கிராம் கொடுத்த பெரிய சோதனை 2014இல் மாரடைப்பைக் குறைக்காமலே முடிந்தது, சீனி வருத்தம்தான் கூடியது. என்.எம்.என். தூள் ஈரத்தை இழுக்கும். மாரி மழையில் மூடி திறந்த போத்தல் குசினி அலுமாரியில் இருந்தால், கொஞ்ச நாளில் நீங்கள் கொடுப்பது எது என்று தம்பிக்கும் தெரியாது.

இப்போது என் பழைய வழக்கு. ‘விற்றமின்’ என்ற பெயரை 1912இல் வைத்த கசிமிர் ஃபங், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய்க்கு மருந்து தேடி அரிசித் தவிட்டைக் குடைந்தபோது நிக்கோட்டினிக் அமிலத்தையும் பிரித்தெடுத்தார். பெரிபெரிக்கு உதவவில்லை என்று விட்டுவிட்டார். உங்கள் போத்தலின் பாட்டன் அதுதான். 100 கிராம் தவிட்டில் பி3 சுமார் 34 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி பிணைந்து கிடப்பதால் குடலுக்கு முழுதாகக் கிடைக்காது என்பதும் உண்மை. தீட்டாத அரிசியில் 5, தீட்டிய வெள்ளையில் 1.6. ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 14 போதும். 100 கிராம் சூரை மீனிலேயே ஏறக்குறைய 15 இருக்கிறது, கச்சானில் 12. இது இளமை தரும் என்று சொல்லவில்லை. பி3க்குக் கனடா வரை போக வேண்டாம் என்கிறேன்.

தீட்டாத சிவப்பரிசியை இரண்டு கிழமைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள், தவிட்டு எண்ணெய் காறி மணக்கும். அரை மணி நேரம் ஊறவிட்டு, கஞ்சி வடிக்காமல், ஒன்றுக்கு இரண்டரை தண்ணீரில் வற்ற வையுங்கள். அம்மாவுக்குச் சீனி, ஆதலால் சோறு ஒரு கோப்பைக்குள். தீட்டிய அரிசியைப் பற்றி எழுதியதற்காகச் சந்தாவை நிறுத்திய ஆலைக்காரர் இதற்கும் கடிதம் போடுவார். போடட்டும், கோழித்தீனுக்கு அவர் தவிடு விற்கும் விலையையும் அதில் எழுதினால் அப்படியே பிரசுரிப்பேன்.