தி சிம்ஸ் 4 வீடுகளில் பொருள்களின் உயரம்: பெங்களூரு அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

வீடு கட்டி அதில் மனிதர்களை வாழவைக்கும் தி சிம்ஸ் 4 ஆட்டத்தைப் பெங்களூருவில் ஆடும் தமிழ் அன்பர்கள், வீடு கட்டும்போது பொருள்களை உயர்த்துவதையும் தாழ்த்துவதையும் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (அல்சூர், கல்லூரி மாணவி): அக்கா, 2022 அக்டோபரில் ஆட்டத்தின் அடிப்படைப் பகுதி இலவசமானதிலிருந்து ஆடுகிறேன். ஒரு பூந்தொட்டியை அலமாரியின் உச்சியில் வைக்க முயன்றால் அது தரைக்கே திரும்பி விடுகிறது. உயர்த்துவதற்கு என்ன வழி?

முதலில் பொருள்களைத் தடையின்றி நகர்த்தும் சீட்டை, அதாவது ஆட்டத்தின் விதிகளைத் தளர்த்தும் குறுக்குவழிக் கட்டளையை, இயக்க வேண்டும். கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், சி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திரையின் மேற்புறத்தில் ஒரு கட்டம் திறக்கும். மேக் கணினியில் கண்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட் விசை. அந்தக் கட்டத்தில் ‘பிபி.மூவ்ஆப்ஜெக்ட்ஸ் ஆன்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்: இரண்டு பி, ஒரு புள்ளி, இடைவெளி இல்லாமல் மூவ்ஆப்ஜெக்ட்ஸ், அதன் பிறகு ஓர் இடைவெளி விட்டு ஆன். பின்னர் வீடு கட்டும் பகுதியான பில்ட் மோடில் பூந்தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு 9 விசையை அழுத்தினால் அது ஒவ்வொரு படியாக மேலே ஏறும். 0 விசை அதைக் கீழே இறக்கும். வெறும் எண் விசைக்கு அசையவில்லை என்றால் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். எழுத்துகளுக்கு மேலே உள்ள வரிசையின் எண்களையே பயன்படுத்துங்கள்.

உங்கள் பூந்தொட்டி தரைக்குத் திரும்புவதற்குக் காரணம் வேறு. மேசை, அலமாரி போன்றவற்றின் மேல் சிறு பொருள்கள் உட்காருவதற்கென்று குறிப்பிட்ட இடங்களை ஆட்டமே வகுத்திருக்கிறது. உச்சியில் அப்படி ஓர் இடம் வகுக்கப்படாத அலமாரியில் நீங்கள் எவ்வளவு முயன்றாலும் பொருள் நிற்காது. எனவே தொட்டியை அலமாரிக்கு அருகே கொண்டு செல்லாமல், வெற்றுத் தரையின் மேலேயே வேண்டிய உயரத்துக்கு ஏற்றிவிட்டு, அதன் பிறகு ஆல்ட் விசையைப் பிடித்தபடி அலமாரிக்கு மேலே நகர்த்தி வைத்துவிடுங்கள். ஆல்ட் பிடித்திருக்கும்வரை பொருள் தரையின் சதுரக் கட்டங்களுக்கு ஏற்ப ஒட்டிக்கொள்ளாது. முதலில் உயரம், பிறகு இடம் என்ற இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிது.

கேள்வி (ஜெயநகர்): நான் பிளேஸ்டேஷனில் ஆடுகிறேன். எனக்கு எண் விசைகளே இல்லையே?

கைப்பிடியின் மேற்புறத்தில் உள்ள நான்கு பொத்தான்களையும், அதாவது எல்1, எல்2, ஆர்1, ஆர்2 நான்கையும் ஒன்றாக அழுத்தினால் அதே சீட் கட்டம் திறக்கும். பொருளை எடுத்த பிறகு எல்2 பிடித்தபடி திசைப் பொத்தானில் மேல், கீழ் அழுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: கைப்பிடி வைத்து ஆடும் கருவிகளில் சீட் இயக்கிய சேமிப்பில் அதன் பிறகு ஆட்டத்தில் சாதனைகளுக்குத் தரப்படும் கோப்பைகள் கிடைக்காது. கோப்பைகள் முக்கியம் என்றால் வீடு கட்டுவதற்கென்று தனிச் சேமிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மல்லேசுவரம், இல்லத்தரசி): நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் ஏழு படி கொலு வைப்போம். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்திலும் தசராவுக்குப் பொம்மை வைப்பார்கள். என் மகள் ஆட்டத்தில் கட்டிய வீட்டில் கொலு வைக்க ஆசைப்படுகிறாள். படிகளை எப்படி அமைப்பது?

வந்திருந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அம்மா. எனவே இதற்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு வழிகள் உண்டு. கூடம் பெரிதாக இருந்தால் சீட்டே வேண்டாம். 2020ஆம் ஆண்டின் இறுதியில் பிளாட்ஃபார்ம் என்னும் மேடை அமைக்கும் வசதி அடிப்படை ஆட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. ஒரு கட்டம் ஆழமுள்ள ஏழு மேடைகளைச் சுவரை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் முந்தையதைவிட ஒரு படி கூட்டிக்கொண்டே போனால் படிகள் தாமாகவே அமைந்துவிடும். மேடையின் மேற்பரப்பும் தரைதான் என்பதால், அதற்கு வெள்ளைத் தரைவிரிப்பின் நிறத்தைக் கொடுத்தால் படிகளில் வேட்டி விரித்ததுபோல் இருக்கும். பொம்மைகளையும் எந்தத் தந்திரமும் இல்லாமல் வைக்கலாம். குறை ஒன்றுதான்: ஏழு படிகள் ஏழு கட்டம் இடத்தை விழுங்கிவிடும்.

அடுக்குமாடி வீட்டின் சிறிய கூடமாக இருந்தால் தாழ்வான நீள மேசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மேசை தரையிலேயே இருக்கட்டும். இரண்டாவதை 9 விசையால் உயர்த்தி, ஆல்ட் பிடித்து, முதல் மேசையின் பின்பாதியின் மேல் ஏறி நிற்கும்படி வையுங்கள். சீட் இயங்கும்போது பொருள்கள் ஒன்றின் மேல் ஒன்று இருப்பதை ஆட்டம் தடுக்காது என்பதால், ஒவ்வொரு படிக்கும் பாதிக் கட்டம் ஆழமே போதும். 9 விசையின் ஒவ்வொரு அழுத்தமும் ஒரே அளவுதான் உயர்த்தும். ஆகவே இரண்டாம் படிக்கு எத்தனை அழுத்தம் என்று எண்ணிக்கொண்டு, மூன்றாம் படிக்கு அதன் இரு மடங்கு, நான்காம் படிக்கு மும்மடங்கு என்று வைத்தால் படிகளின் இடைவெளி கண்ணுக்குச் சீராக அமையும். கண்ணளவை நம்பி உயர்த்தினால் ஐந்தாம் படிக்கு மேல் நிச்சயம் கோணலாகத் தெரியும்.

பொம்மைகளை வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மேசை தரையில் இருக்கும்போதே அதன் மேல் கொள்ளும் அளவுக்குச் சிற்பங்களையும் சிறு அலங்காரப் பொருள்களையும் வைத்துவிட்டு, அதன் பிறகு மேசையை உயர்த்துங்கள். மேலே இருப்பவை மேசையோடு சேர்ந்தே ஏறும். இடைவெளிகளை நிரப்ப வேண்டிய பொம்மைகளை மட்டும் தனித்தனியே உயர்த்திக் கொண்டுவரலாம். மேல் படியில் கலசத்துக்கு ஒரு குடுவையும், தரையில் பூங்காவுக்குச் சிறு செடிகளும் வைத்தால் மகள் நிச்சயம் மகிழ்வாள். செடிகளை 0 விசையால் பாதியளவு தரைக்குள் அமிழ்த்தினால் பாத்தியில் முளைவிட்டவை போலச் சிறிதாகத் தெரியும்.

கேள்வி (ஃப்ரேசர் டவுன்): வீட்டு வாசலில் திண்ணை கட்டி அதில் நாற்காலிகளை உயர்த்தி வைத்தேன். யாரும் அவற்றில் உட்கார மறுக்கிறார்கள். ஏன்?

உயரம் மாற்றுவதில் மிக முக்கியமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. 9 விசை ஒரு பொருளின் தோற்றத்தை மேலே கொண்டுபோகிறதே தவிர, அதற்குக் கீழே ஒரு தரையை உண்டாக்குவதில்லை. ஆட்டத்து மனிதரான சிம் ஒருவர் நாற்காலியில் உட்கார வேண்டுமானால், அதன் அருகே நடந்து சென்று நிற்பதற்கு அதே மட்டத்தில் அவருக்கு ஒரு தரை வேண்டும். காற்றில் தொங்கும் நாற்காலிக்கு அப்படி ஒரு தரை இல்லை. ஆகவே அவர் போக வழியில்லை என்று நின்றுவிடுகிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணால் மட்டும் பார்க்க வேண்டிய பொருளுக்கு 9 விசை போதும், உட்காரவோ படுக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டிய பொருளுக்குத் தரையையே உயர்த்த வேண்டும்.

திண்ணைக்கு மேடையே சரியான கருவி. வாசலின் இருபுறமும் மேடையை வரைந்து, வேண்டிய உயரம் கொடுத்து, நாற்காலிகளைச் சாதாரணமாக அதன் மேல் வைத்து, ஏறுவதற்குப் படிகளை இணையுங்கள். வீடு முழுவதும் உயர வேண்டுமென்றால் அடித்தளத்தின் உயரத்தைக் கூட்டலாம். ஆனால் அது வீட்டின் எல்லா அறைகளையும் ஒன்றாகவே தூக்கும் என்பதால் திண்ணைக்கு மட்டும் அது உதவாது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில் வேண்டும் என்று கேட்டிருந்த எச்எஸ்ஆர் லேஅவுட் தம்பிக்கும் இதே பதில்தான். கட்டிலை 9 விசையால் தூக்காதீர்கள். 2021 மார்ச்சில் அடிப்படை ஆட்டத்திலேயே அடுக்குக் கட்டில்கள் சேர்க்கப்பட்டுவிட்டன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில பொருள்களை எவ்வளவு உயர்த்தினாலும், தரையில் அவற்றுக்குரிய இடத்தை ஆட்டம் விடுவதில்லை. தலைக்கு மேல் பரண் போல ஓர் அலமாரியை உயர்த்தி வைத்துவிட்டு, அதன் கீழே நடைபாதை இருக்கிறது என்று எண்ணினால் சிம்கள் அங்கே முட்டி நிற்கக்கூடும். நடக்கும் வழியில் எதை உயர்த்தினாலும் உடனே சிம்கள் நடமாடும் லைவ் மோடுக்குச் சென்று ஒருவரை அந்த வழியாக நடக்கவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (கோரமங்களா): சுவரில் மாட்டும் படங்களுக்கும் இதே முறைதானா?

தேவையில்லை. சுவரில் மாட்டுபவற்றைச் சுட்டியால் மேலும் கீழும் இழுத்தாலே நகரும். கட்டங்களுக்கு இடைப்பட்ட உயரம் வேண்டுமானால் ஆல்ட் பிடித்தால் போதும்.

கேள்வி (பசவனகுடி): பழைய பெங்களூரு பங்களாக்களின் சன்னல்களுக்கு மேல் மரச்சட்டங்களுடன் கூம்பிய முகப்பு இருக்குமே, ‘மங்கி டாப்’ என்பார்கள். அதைக் கட்ட வேலிகளை உயர்த்திப் பார்த்தேன், அசையவே இல்லை.

அசையாது. சுவர், வேலி, கூரை, படிக்கட்டு ஆகியவை கட்டுமானப் பகுதிகள். 9, 0 விசைகள் பட்டியலில் தனிப் பொருளாக உள்ளவற்றை மட்டுமே நகர்த்தும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கூம்பு வடிவத்துக்குச் சிறிய இருபுறச் சரிவுக் கூரை ஒன்றைச் சன்னலுக்கு மேலே சுவரைத் தாண்டி நீட்டுங்கள். அதன் சரிவை வேண்டிய அளவு செங்குத்தாக்கலாம். கூரை அந்தத் தளத்தின் சுவர் உச்சியில்தான் அமரும் என்பதால், அந்தத் தளத்துக்கு மூன்று சுவர் உயரங்களில் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தால் கூரை சன்னலுக்கு நெருக்கமாக வரும். முகப்பின் மரச்சட்டங்களுக்கு, சுவர் அலங்காரங்களிலும் தடுப்புத் திரைகளிலும் செங்குத்துப் பட்டைகள் உள்ள ஒன்றைத் தேடி, உயர்த்தி, கூரையின் விளிம்புக்குள் பாதி மறையும்படி வையுங்கள். அளவு பொருந்தாவிட்டால் ஷிஃப்டுடன் சதுர அடைப்புக்குறி விசைகளை அழுத்துங்கள். வலப்பக்கக் குறி பெரிதாக்கும், இடப்பக்கக் குறி சிறிதாக்கும். அளவை முதலில் முடிவுசெய்துவிட்டு உயரத்துக்கு வாருங்கள், ஏனெனில் பெரிதான பிறகு அதே உயரம் பொருந்தாது. நம் ஊரில் இந்த முகப்புகள் ஒவ்வொன்றாக இடிபட்டு வரும் காலத்தில், அவற்றைக் கவனித்துப் பார்த்து ஆட்டத்திலாவது கட்ட நினைக்கிறீர்களே, அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கேள்வி (ராஜாஜி நகர்): மாடியில் ஒரு பீரோவைப் பாதி தரைக்குள் இறக்கிச் சிறு பெட்டிபோல் ஆக்கினேன். கீழ்த்தளத்துக் கூரையில் அதன் கால்கள் தெரிகின்றன.

தரைக்குக் கீழே இறக்கியது மறைவதில்லை, மறுபக்கம் வெளிவருகிறது. அமிழ்த்தும் வேலைகளைத் தரைத்தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாடியில்தான் வேண்டுமென்றால், அதற்கு நேர் கீழே சுவருக்குள் அடைபட்ட ஒரு சிறிய இடம் வருமாறு அறைகளை அமையுங்கள்.

கேள்வி (வைட்ஃபீல்ட், மென்பொருள் பணியாளர்): ஆடுபவர்கள் வீடுகளைப் பகிர்ந்துகொள்ளும் கேலரியில் நான் பகிர்ந்த வீட்டை நண்பர் இறக்கியபோது பாதிப் பொருள்கள் காணாமல் போயிருந்தன.

நண்பர் வீட்டைத் தமது மனையில் வைப்பதற்கு முன்பே சீட்டை இயக்கியிருக்க வேண்டும். அது இயங்காதபோது, விதிகளுக்குப் புறம்பாக வைக்கப்பட்ட பொருள்களை ஆட்டம் நீக்கிவிடும். வைத்த பிறகு இயக்கினாலும் அவை திரும்பி வரா. எனவே வீட்டின் விளக்கக் குறிப்பில் முதல் வரியாகவே இதை எழுதிவிடுங்கள்.

கேள்வி (இந்திராநகர்): இவ்வளவும் தெரிந்த பிறகும் ‘டூல்’ என்ற மாட் (ஆட்டத்தை மாற்றப் பிறர் எழுதிய துணை நிரல்) தேவையா?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. அந்த மாட் உயரத்தை நுணுக்கமாகக் கொடுக்கவும், பொருளைச் சாய்க்கவும், மனையின் எல்லைக்கு வெளியே வைக்கவும் உதவும். 9, 0 விசைகளால் சாய்க்க முடியாது என்பதால், ஊஞ்சல் பலகை ஒன்று ஒருபக்கம் சரிந்து ஆடுவதுபோல் காட்ட வேண்டுமானால் அது கட்டாயம் வேண்டும். ஆனால் மாட்கள் கணினியிலும் மேக்கிலும் மட்டுமே இயங்கும். ஆட்டம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவை தாமாகவே அணைக்கப்படும். புதுப்பித்தல் வந்தால் மாட்டின் புதிய பதிப்பு வெளியாகியிருக்கிறதா என்று பார்த்து, அதை மாற்றிய பிறகே ஆட்டத்தின் அமைப்புகளில் மாட்களை மீண்டும் இயக்குங்கள். அதற்கு முன் உங்கள் சேமிப்புக் கோப்புறையை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.