பிழை காட்டாத மொழியில் சேர்க்கலாமா?

கேள்வி: மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாண்டு. பைத்தான் என்ற நிரல்மொழியில் ஓர் இடைவெளி பிசகினாலும் பிழை காட்டுகிறது. ஊட்டியில் ஒரு பயிற்சி மையத்தில், "ஜாவாஸ்கிரிப்ட் தப்பா எழுதினாலும் ஓடும், அதுல சேருங்க" என்கிறார்கள். மாற்றிவிடலாமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம். தப்பாக எழுதினாலும் ஓடுவதுதான் அங்கே தொல்லையே. ஜாவாஸ்கிரிப்டில் விடையைத் திருப்பித் தரச் சொல்லும் 'ரிட்டர்ன்' என்று எழுதி, கணக்கை அடுத்த வரிக்குத் தள்ளினால், கட்டளை அங்கேயே முடிந்ததாக எண்ணி ரிட்டர்னுக்குப் பின் அரைப்புள்ளியை அதுவாகவே போட்டுக்கொள்ளும். நிரல் ஓடும்; விடை மட்டும் 'அன்டிஃபைன்ட்', அதாவது மதிப்பே இல்லை. ஒரு மணி நேர டெமோ வகுப்பு தடங்காமல் நடக்க இது வசதி, அவ்வளவுதான்.

மகளுக்கு வருவது பெரும்பாலும் வரித் தொடக்க இடைவெளியில் டேப் விசையும் ஸ்பேஸ் விசையும் கலந்த பிழையாக இருக்கும். பைத்தான் 2 டேப்பை எட்டு இடமாக எண்ணிக்கொண்டு பேசாமல் விட்டது. 2008-இல் வந்த பைத்தான் 3 மறுத்துவிடுகிறது. நிரல் எழுதும் மென்பொருளான வி.எஸ். கோடில் கீழ்ப்பட்டையில் 'ஸ்பேசஸ்' அல்லது 'டேப் சைஸ்' என்றிருப்பதை அழுத்தி, 'கன்வர்ட் இண்டென்டேஷன் டு ஸ்பேசஸ்' கொடுக்கச் சொல்லுங்கள். அளவு 4. வாட்ஸ்அப்பிலோ பி.டி.எஃப்.பிலோ வந்த நிரலை ஒட்டவே கூடாது. வளைந்த மேற்கோள்குறி ஒன்று போதும், ஓடாது. காட்டிய வரியில் குறை தெரியாவிட்டால் மேல் வரியில் மூடாத அடைப்புக்குறியைத் தேடட்டும். பைத்தான் 3.10 பதிப்பு முதல் அதை நேராகவே சுட்டுகிறது. பழையது இருந்தால் புதியதைப் போடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். பைத்தானும் ஓரிடத்தில் கண்டுகொள்ளாது. 12, 8, 15 கிலோ என மூன்று மூட்டை தேயிலைக் கொழுந்தின் எடையைக் கூட்டும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) என்று வையுங்கள். 'ரிட்டர்ன்' வரி, மூட்டைகளை ஒவ்வொன்றாய் எடுக்கும் 'ஃபார்' வரிக்கு நேராக இருந்தால் விடை 35. அதே வரி நான்கு இடம் உள்ளே போய்விட்டால், முதல் மூட்டையோடு திரும்பி 12 என்று சொல்லும். இடைவெளி முறையாகத்தானே இருக்கிறது, எதற்குப் பிழை காட்ட வேண்டும்? அதனால் மனக்கணக்காய் விடை தெரிந்த சிறு எண்களைப் போட்டு முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் தேர்வுமுறை இதைப் பழக்குவதில்லை. நிரலை மனப்பாடம் செய்து தாளில் எழுதினால் மதிப்பெண். தாள் எந்தப் பிழையையும் காட்டாது.

பைத்தானும் வி.எஸ். கோடும் இலவசம். 'சாஃப்ட்வேர் லைசென்ஸ்' என்று மையத்தில் தனியாகப் பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.