சிம்பன்சியின் ஒய் குரோமோசோம் நம்முடையதைப் போன்றதுதானா?

மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் டிஎன்ஏ 98 சதவீதம் ஒன்றுதான் என்கிறார்களே, ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. விலங்கியல் படித்த காலத்தில் நானும் அந்த 98-ஐ எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். ஒய் அந்தக் கணக்கில் அடங்காது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 2010-இல் அமெரிக்க மரபியலாளர் டேவிட் பேஜ் குழுவினர் சிம்பன்சியின் ஒய்யையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சிம்பன்சி ஒய்யில் அப்போது படிக்க முடிந்த பகுதியில் 30 சதவீதத்துக்கு மேல் நம்மிடம் இணையே இல்லாத பகுதி. நம்மிடம் வேலை செய்யும் சில மரபணுக்கள் அங்கே செத்துக் கிடந்தன. இத்தனைக்கும் இரண்டு வம்சமும் பிரிந்து 60, 70 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

ஏன் இப்படி? பெண் சிம்பன்சி ஒரே பருவத்தில் பல ஆண்களோடு சேரும். அதனால் ஆண்களின் போட்டி விந்தணுக்களின் போட்டியாகவும் ஆகிறது. சிம்பன்சியின் விரைகள் சுமார் 120 கிராம். உடல் எடையில் சிம்பன்சியைவிட மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் கொரில்லாவுக்கு 30 கிராம்தான். கொரில்லாக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஆணின் ராஜ்யம், போட்டி குறைவு.

விந்தணு உற்பத்திக்கான மரபணுக்கள் பல ஒய்யில் இருக்கின்றன. மற்ற குரோமோசோம்கள் தம் ஜோடியோடு துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஆனால் ஒய்யின் பெரும்பகுதிக்கு அப்படி மாற்றிக்கொள்ள ஜோடி கிடையாது. நல்ல மரபணு ஒன்று ஜெயித்தால் அதே ஒய்யில் இருக்கும் பழுதான மரபணுக்களும் சேர்ந்தே பரவிவிடும். நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீரில் புல்லும் வளர்ந்த கதை. சிம்பன்சி மரபணுக்களை இழந்ததற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம் இது.

சரி, ஜோடி இல்லாமல் ஒய் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? ‘விகடகவி’ மாதிரி இருபுறமும் ஒன்றாக வாசிக்கும் நீண்ட பகுதிகள் அதில் உண்டு. ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். நம் ஒய்யில் இப்படி 8, சிம்பன்சியில் 19.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. உறவில் நமக்கு நெருக்கம் சிம்பன்சிதான். ஆனால் எந்தெந்த மரபணுக்கள் இருக்கின்றன என்று பார்த்தால் நம் ஒய்க்கு நெருக்கம் கொரில்லாவின் ஒய்!

2024-இல் வாலில்லாக் குரங்குகள் ஆறு வகையின் எக்ஸ், ஒய் இரண்டும் முழுமையாக வெளியாயின. அவற்றின் எக்ஸ் நம்முடையதோடு 90 சதவீதத்துக்கு மேல் பொருந்துகிறது. ஒய் பொருந்துவது 14 முதல் 27 சதவீதம். அளவிலும் ஒற்றுமை இல்லை: சியாமாங் கிப்பனுக்கு சுமார் 3 கோடி டிஎன்ஏ எழுத்துகள், சுமத்ரா ஒராங்குட்டானுக்கு 6.8 கோடி.