சேடி, செவிலி, அடிமை: ஹோமரின் சொற்கள்

கேள்வி: பண்டைக் கிரேக்கக் கவி ஹோமரின் ‘ஒடிஸி’யைத் தமிழில் படித்தபோது, நாயகன் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியின் வீட்டில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் ‘பணிப்பெண்’ என்றே குறிக்கப்பட்டிருந்தார்கள். கிரேக்க மூலத்திலும் ஒரே சொல்தானா?

பதில்: இல்லை, பல சொற்கள் உண்டு. வீட்டுக்கு உடைமையான பெண்கள் பொதுவாக ‘த்மோயே’ எனப்பட்டனர். ஹோமரின் மற்றொரு காவியமான இலியத்தில் கிரேக்க வீரர்களான அக்கிலீசும் பத்ரோக்ளோசும் போரில் கவர்ந்துவந்த பெண்களுக்கும் அச்சொல்லே வருகிறது. தலைவியின் அருகிலேயே இருந்து ஏவல் கேட்பவள் ‘அம்ஃபிபொலோஸ்’. பெனலோப்பி ஆண்கள் கூடியிருக்கும் கூடத்துக்கு வரும்போது உடன் வரும் இருவரும், இளவரசி நௌசிகாவுடன் பந்தாடும் பெண்களும் இவ்வகையினர். பண்டகசாலையின் பொறுப்பு ‘தமியே’யிடம் இருந்தது, பிள்ளை வளர்த்த செவிலி ‘த்ரொஃபோஸ்’. மாவரைப்பவளுக்கு ‘அலெத்ரிஸ்’ என்று தனிப்பெயரே உண்டு. ஒடிஸியின் 20-ஆம் காண்டத்தில், மற்ற பதினொருவரும் அரைத்து முடித்துத் தூங்கிவிட, உடல் வலுவற்ற ஒருத்தி மட்டும் திரிகையை நிறுத்தி, பெனலோப்பியை மணந்துகொள்ள வந்து வீட்டைச் சூறையாடும் ஆடவர்க்கு இதுவே கடைசி விருந்தாகட்டும் என்று கடவுள் சீயுசை வேண்டுகிறாள்.

ஆனால் இவற்றைத் தனித்தனிச் சாதிகளாகக் கொள்ளக் கூடாது. இருபது மாடுகளின் விலைக்கு ஒடிசியஸின் தந்தை லாயெர்தீஸ் வாங்கிய யூரிக்ளேயா, முதற்காண்டத்தில் த்மோயேக்களுள் ஒருத்தியாக எண்ணப்படுகிறாள். இரண்டாம் காண்டத்தில் சில அடிகளுக்குள்ளாகவே தமியேயாகவும் த்ரொஃபோசாகவும் வந்துவிடுகிறாள். உடைமை, பொறுப்பு, உறவு என்று கவி எதை நோக்குகிறாரோ, அதற்கேற்பப் பெயர் மாறுகிறது என்பதே என் கருத்து.

நேரடியாக ‘அடிமைப் பெண்’ எனப் பொருள்படும் ‘தூலே’ ஹோமரில் இரண்டே இடங்களில்தான் வருகிறது, இரண்டிலுமே பேச்சு ஆணின் படுக்கையைப் பற்றியது: டிராய் இளவரசன் பாரிஸ் உன்னை மனைவியாக்குவான், இல்லையேல் தூலேயாக்குவான் என்று இலியத்தில் ஹெலன் காதல் தெய்வம் அஃப்ரோதித்தியை ஏசுமிடம் ஒன்று, ஒடிஸியில் ஸ்பார்த்தா மன்னன் மெனெலாவோசுக்கு ஒரு தூலேயிடம் பிறந்த மகனைச் சொல்லுமிடம் மற்றது. சொல் புதிது என்பதால் அருகி வந்தது என்று சொல்லவும் வழியில்லை. ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கிரேக்க நகரான பைலோஸின் களிமண் ஏடுகளிலேயே அதன் பழைய வடிவம் பதிவாகியுள்ளது.

பிற்கால ஏதென்ஸில் த்மோயே செய்யுள் வழக்காக ஒதுங்கிவிட, அன்றாடப் பேச்சில் பணிப்பெண்ணைக் குறிக்க ‘தெரபைனா’ நிலைபெற்றது. ஏதென்ஸ் பேச்சாசிரியர் லீசியாஸ் எழுதிக் கொடுத்த ஒரு வழக்குரையில், மனைவியின் கள்ள உறவுக்குத் துணைபோன தெரபைனாவிடம், உண்மையைச் சொல், இல்லாவிட்டால் சவுக்கடிபட்டு மாவரைக்கும் சாலைக்குப் போவாய் என்று கணவன் மிரட்டுகிறான்.