உள்ளகப் பயிற்சியில் மகள்: வீட்டார் எப்படித் துணை நிற்பது?

கேள்வி: மகள் உள்ளகப் பயிற்சி வைத்தியர். அவள் பார்த்துவந்த நோயாளி இறந்து பத்து நாளாகிறது. லீவில் வந்தால் அழுகிறாள், "விட்டுடட்டுமாம்மா" என்கிறாள். எப்படித் தேற்றுவது? (தாய், அட்டன்)

பதில்: தேற்றும் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள், அம்மா. "நம்ம தோட்டத்துல முதல் டொக்டர் நீ, தைரியமா இரு" என்பது பாசம்தான். ஆனால் அழக்கூட உரிமையில்லை என்றே அவளுக்குக் கேட்கும். முதலில் தூங்கட்டும். தேத்தண்ணியிலுள்ள, தூக்கத்தைக் கெடுக்கும் கஃபீனில் பாதி ஏறக்குறைய ஐந்து மணிநேரம் கழித்தும் உடம்பில் தங்குவதால், படுப்பதற்கு ஆறு மணிநேரம் முன்பே தேத்தண்ணியை நிறுத்துங்கள். தங்கள் மருத்துவ ரிப்போர்ட்டை அவளிடம் காட்ட லயத்து வீட்டுக்கு வருகிறவர்களை நீங்களே கிளினிக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

அவள் சொல்ல ஆரம்பித்தால் முழுவதையும் கேளுங்கள். "உன் மேல பிழையில்ல" என்று முந்திக்கொள்ள வேண்டாம். அம்மா சொல்லி அதை நம்பமாட்டாள். அந்த நோயாளியை அறிந்த ரெஜிஸ்ட்ராரோ (நிபுணராகப் பயிலும் சீனியர் வைத்தியர்) கன்சல்டன்டோ (வார்டுக்குப் பொறுப்பான நிபுணர்) பெட் ஹெட் டிக்கெட்டை (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடு) வைத்துக்கொண்டு அரைமணிநேரம் அவளோடு உட்கார வேண்டும். அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, முடிவை யார் எடுத்தார்கள், எது மாறியிருந்தால் பலன் கிடைத்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முடிவு அவள் ஒருத்தி கையில் இருக்கவில்லை என்பது பெரும்பாலும் அங்கேதான் புரியும். பிழை நடந்திருந்தாலும், இரவெல்லாம் ஊகித்துக் கிடப்பதைவிடத் தெரிந்துகொள்வது நல்லது. இதை அவளே கேட்கலாம், கேட்பது அவள் உரிமை.

இன்னொன்றையும் விசாரியுங்கள். தமிழ் பேசும் வைத்தியர்கள் குறைந்த வார்டில், மரணச் செய்தியைக் குடும்பத்துக்குச் சொல்லும் வேலை, தான் பார்க்காத நோயாளிக்கும் சேர்த்து, தமிழ் தெரிந்த இன்டர்ன் (உள்ளகப் பயிற்சி வைத்தியர்) தலையில் விழுந்துவிடும். ரோஸ்டரில், அதாவது வேலைநேர அட்டவணையில், இந்தப் பாரம் தெரியாது. அப்படிச் சொல்லும்போது சீனியர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று அவள் கேட்கட்டும்.

பயிற்சி ஒரு வருடம், ஆறு மாதம் வீதம் இரண்டு பிரிவுகள். விடுவதா இல்லையா என்பதைத் தூக்கமில்லாத வாரத்தில் தீர்மானிக்க வேண்டாம். கன்சல்டன்டிடம் லீவு கேட்பதே முதல் படி.

மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதியும் இரண்டு வாரம் நீடித்தால் மனநல வைத்தியரிடம் போகவேண்டும். தான் வேலைசெய்யும் இடத்தில் கூச்சமென்றால் கண்டி, பதுளை, நுவரெலியா என வேறு ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குப் போகலாம். தூக்கமாத்திரையைத் தானே எழுதிக்கொள்வதை மட்டும் அனுமதிக்காதீர்கள். வைத்தியர்களுக்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே ஆபத்து.

சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம்.