2520-ஐ ராமானுஜன் தலையில் கட்டாதீர்கள்

கே: "1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520. வாரத்துக்கு 7 நாள், மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 12 மாதம், மூன்றையும் பெருக்கினால் இதே எண். கண்டுபிடித்தவர் ராமானுஜன்!" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் ஊரில் பிறந்தவரின் இந்தச் சாதனை ஏன் பாடப்புத்தகத்தில் இல்லை?
– ஒரு வாசகர், ஈரோடு

ப: இருக்கிறதே! மீச்சிறு பொது மடங்கு என்ற பாடம். 1 முதல் 10 வரைக்கும் அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால், பள்ளிப் பிள்ளை 2520 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். 'ஒரே எண்' என்பதும் புருடா. 5040, 7560, 10080 என்று 2520-இன் மடங்கு எதுவானாலும் அப்படி வகுபடும். அதிலும் 5040-ஐ கிரேக்கத்துப் பிளேட்டோ கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே பிடித்துவிட்டார். தன் கற்பனை நகரத்தில் 5040 குடும்பம் இருக்கட்டும், எப்படியும் பங்கு பிரிக்கலாம் என்றார். அப்புறம், எல்லா மாதமும் 30 நாள் என்றால் ஆண்டுக்கு 360 நாள்தான். மிச்சத்தை அந்தச் செய்தியை அனுப்பியவரிடம் கேட்டு வாங்குங்கள்.

சரி, ராமானுஜனுக்கும் 2520-க்கும் ஒட்டே இல்லையா? உண்டு. 2520-க்குக் காரணிகள் 48. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லாரையும் காரணிக் கணக்கில் தோற்கடிக்கும் எண்களைப் பற்றித்தான் அவருடைய 1915-ஆம் ஆண்டு நீண்ட கட்டுரை. அதை வெளியிட்ட லண்டன் கணிதக் கழகத்துக்குப் போர்க்காலப் பணமுடை. ஒரு பகுதி அச்சேறாமல் நின்று 1997-இல்தான் வந்தது. வந்த பாதிக்கே கேம்பிரிட்ஜ் 1916-இல் பி.ஏ. பட்டம் கொடுத்துவிட்டது.

அந்தக் கட்டுரையின் பட்டியலில் 2520 நூற்றுக்கு மேற்பட்டவற்றில் ஒன்று, அவ்வளவுதான். கடைசியில் நிற்பவரைப் பாருங்கள்: 67,46,32,83,88,800. இதை உடைத்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 தலா ஒரு முறை வரும். ஒவ்வொரு 'முறை'யோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3, அதோடு ஐந்து 2. காரணிகள் 10,080. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக் கைக்கணக்கு, ஐயா!

உங்கள் வாட்ஸ்அப்புக்கு வராத ஒரு செய்தியையும் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் ராமானுஜன் ஓர் எண்ணைத் தவறவிட்டார்: 2,93,31,86,25,600. காரணிகள் 5040, பிளேட்டோவின் அதே எண்! எனக்கு 2520-ஐவிட இந்த விடுபட்டதுதான் பிடித்திருக்கிறது. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், பட்டியலின் கடைசி எண் வரும். கடைக்காரர் கால்குலேட்டரில் 13 இலக்கம் கொள்ளாது, தாளில் போடுங்கள்.