அணைத்திருந்த அடுப்பின் கண்ணாடி ஏன் நொறுங்கியது?

கேள்வி: பதினொரு மாதங்களுக்கு முன் வாங்கிய மூன்று பர்னர் கிளாஸ் டாப் அடுப்பின் கண்ணாடி, நள்ளிரவில், அடுப்பு அணைந்திருந்தபோது பெரும் சத்தத்துடன் நொறுங்கிவிட்டது. பெரும்பாலான துண்டுகள் அடுப்பின் மேலேயே கிடக்கின்றன. “கனமான பாத்திரம் வைத்திருப்பீர்கள், வாரண்டி கிடையாது” என்கிறார் கடைக்காரர். நாங்கள் அப்படி எதையும் வைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: எந்தக் கண்ணாடி உடைந்தாலும் பாத்திரத்தின் மேல் பழி போடுவது கடைகளில் பழகிப்போன பதில். ஆனால், கண்ணாடி உடைவதற்கு எடை மட்டுமே காரணமல்ல. விரிசல் நீளும்போது புதிய பரப்புகள் உண்டாகின்றன. அவற்றுக்குத் தேவைப்படும் ஆற்றலை, கண்ணாடியில் தேங்கியிருந்து விடுபடும் ஆற்றல் ஈடுகட்டினால்தான் விரிசல் ஓடும் என்று இங்கிலாந்துப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் 1921இல் காட்டினார். அவருடைய கணக்கின்படி, கீறல் நான்கு மடங்கு நீண்டால் கண்ணாடி தாங்கும் இழுவிசை பாதியாகிவிடும். எனவே, எவ்வளவு எடை வைத்தீர்கள் என்பதோடு, கண்ணாடியில் ஏற்கெனவே என்ன குறை இருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

அடுப்புக்குப் பயன்படும் டஃபன்டு (வலுவூட்டிய) கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். அதனால் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிற்கின்றன. மேலோட்டமான கீறலை அந்த அழுத்தம் மூடிவைத்திருக்கும். கீறல் உட்பகுதியை எட்டிவிட்டாலோ, உள்ளே தேங்கிய ஆற்றலே முழுக் கண்ணாடியையும் பொடியாக்கப் போதுமானது. தயாரிப்பின்போது கலந்துவிடும் நிக்கல் சல்ஃபைடு துகள் மெல்ல உருமாறிப் பருத்து, ஆண்டுகள் கழித்தும் உள்ளிருந்தே இப்படி உடைப்பதுண்டு.

துண்டுகளைக் கலைக்காமல் முதலில் படமெடுங்கள். விரிசல் கோடுகள் எந்த இடத்திலிருந்து விரிகின்றன என்று பாருங்கள். அங்கே பட்டாம்பூச்சியின் இறக்கைகள் போல இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டியிருந்து, அவை சேரும் கோட்டில் அந்தத் துகள் சிறு புள்ளியாகத் தெரிந்தால், உற்பத்திக் குறை என்ற உங்கள் வாதம் வலுப்பெறும். பர்னர் துளையின் விளிம்பில் தொடங்கியிருந்தால், துளையிட்டபோது ஏற்பட்ட சிதைவா, பின்னர் பட்ட அடியா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்; அந்த நிலையில் உங்கள் தரப்பு சற்றுப் பலவீனமானதே.

கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்துமூலம் புகார் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பலனில்லையெனில், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம்.